கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சாஸ்: வரி மிச்சத்தை மட்டும் பார்த்துக் கிளம்பலாமா?

ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எட்டு வருடமாக இங்கே வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போட்ட ஐ-140 மனு அப்ரூவ் ஆகிவிட்டது. நான் அவரைச் சார்ந்த எச்-4 விசாவில், இஏடி என்கிற வேலை அனுமதியோடு வேலை பார்க்கிறேன். இருவர் சம்பளமும் சேர்த்து வருடத்துக்கு 2,20,000 டாலர். மகள் ஏழாம் வகுப்பு, மகனுக்கு நாலு வயது. கணவரின் கம்பெனி டல்லாஸ் ஆபீசுக்கு மாறிக்கொள்ளலாம் என்கிறது. வருமான வரி இல்லை, வீடும் வாங்கிவிடலாம் என்று அவர் துடிக்கிறார். எனக்குத்தான் பயம். துப்பாக்கி, கருக்கலைப்புத் தடை, பள்ளியில் மதம் என்று என்னென்னவோ கேள்விப்படுகிறேன். பெண் பிள்ளையை வைத்துக்கொண்டு போகலாமா?"

போகலாம். ஆனால் உங்கள் கணவர் வைத்திருக்கும் கணக்கில் ஓட்டை இருக்கிறது. உங்கள் பயங்களிலும் சிலது நியாயம், சிலது அவ்வளவு பெரிதில்லை. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

டெக்சாஸில் தனிநபர் வருமான வரி இல்லை. 2019இல் மாநில அரசியலமைப்பிலேயே அதற்குத் தடை போட்டுவிட்டார்கள். உங்கள் வருமானத்துக்குக் கலிஃபோர்னியா வரி, சம்பளத்தில் பிடிக்கும் எஸ்டிஐ என்ற மாநிலக் காப்பீட்டுத் தொகை இரண்டும் சேர்த்து வருடம் 14,000 டாலர் அளவில் போகும். அது மிச்சம்தான். ஆனால் அங்கே 6 லட்சம் டாலருக்கு ஒரு வீடு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். பள்ளி, நகரம், கவுண்டி எல்லாம் சேர்த்துச் சொத்து வரி 2.2 சதவீதம் என்றால் 13,200 டாலர். குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு, பள்ளி வரிக்கு மட்டும், 2025 நவம்பர் வாக்கெடுப்பில் 1,40,000 டாலராக உயர்ந்தது. அதைக் கழித்தாலும் 11,500 பக்கம் வந்து நிற்கும். மிச்சம் பிடித்த வருமான வரியில் பெரும்பங்கு இப்படியே போய்விடும்.

இந்த 2.2 எல்லா இடத்துக்கும் ஒன்றல்ல. டல்லாஸ் புறநகர்களான ஃப்ரிஸ்கோ, ப்ளேனோ போன்ற பழகிய ஊர்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். வடக்கே தள்ளி, இப்போதுதான் சாலை போட்டுக்கொண்டிருக்கும் காலனிகளில் தண்ணீர், சாக்கடை வசதி செய்ய வாங்கிய கடனை அடைக்க 'மட்' என்கிற எம்யுடி வரி தனியாக விழும். வீடு அங்கே மலிவாகத் தெரிய இதுவும் ஒரு காரணம். ஆகவே வீட்டைப் பார்க்கும்போதே மொத்த வரி விகிதம் என்ன, மட் உண்டா, பிஐடி என்கிற காலனி மேம்பாட்டுக் கட்டணம் உண்டா, எச்ஓஏ என்கிற குடியிருப்போர் சங்கக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். புது வீடு என்றால் இன்னொன்றும் இருக்கிறது. ஜனவரி முதல் தேதி மனை வெறும் நிலமாகக் கிடந்திருந்தால் அந்த வருட வரி நிலத்துக்கு மட்டும்தான் வரும். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரி வந்ததும், வரிக்காகத் தவணையோடு சேர்த்துப் பிடிக்கும் எஸ்க்ரோ எகிறி, மாதத் தவணை நூற்றுக்கணக்கில் கூடும். இது தெரியாமல் முதல் வருடத் தவணையை நம்பிப் பட்ஜெட் போட்டவர்கள் நிறையப் பேர்.

கலிஃபோர்னியாவில் 1978இன் ப்ரொப்பொசிஷன் 13 காரணமாக மதிப்பீடு வருடம் 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. டெக்சாஸில் குடியிருக்கும் வீட்டுக்கு 10 சதவீதம் வரை ஏறலாம். அதனால் அங்கே வருடாவருடம் மதிப்பீட்டை எதிர்த்து ப்ரொடெஸ்ட் போடுவது வீட்டுக்காரர் வேலைகளில் ஒன்று. கடைசித் தேதி பொதுவாக மே 15. ஏப்ரல் மாதம் நம்மவர்கள் வாட்சப் குழுக்களில் வேறு பேச்சே ஓடாது.

அப்படியென்றால் லாபம் எங்கே? வீட்டு விலையில். ஃப்ரீமாண்ட்டில் பதினைந்து லட்சத்துக்குக் குறைந்து பள்ளிக்குப் பக்கத்தில் தனிவீடு தேடிப் பாருங்கள், தெரியும். அங்கே அதில் பாதிக்கும் குறைவான விலையில் நாலு படுக்கையறை கிடைக்கிறது. இதற்காகப் போவதில் நியாயம் உண்டு. ஒரே ஒரு நிபந்தனை: இடம் மாறினால் சம்பளத்தைக் குறைப்பார்களா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள். ஊருக்கேற்ற சம்பளம் என்று பத்து, பதினைந்து சதவீதம் வெட்டினால் மேலே போட்ட கணக்கு மொத்தமும் மாறிவிடும்.

கணவருக்குக் கம்பெனி ஆர்எஸ்யு என்று பங்கு தருகிறது என்றால் ஒரு எச்சரிக்கை. பங்கு ஒதுக்கிய நாளிலிருந்து கைக்கு வரும் நாள் வரை கலிஃபோர்னியாவில் வேலை பார்த்த நாட்களின் விகிதத்துக்கு அந்த மாநிலம் வரி கேட்கும். நீங்கள் டல்லாஸில் உட்கார்ந்திருந்தாலும் கேட்கும். ஊர் மாறிய பிறகும், வெளிமாநிலத்தவர் கலிஃபோர்னியாவுக்குப் போடும் 540என்ஆர் வரிப் படிவம் சில வருடம் உங்களோடு வரும்.

வீட்டுக்கு முன்னால் விசா. குடியேற்றத் துறையின் 2015 சிமியோ தீர்ப்புக்குப் பிறகு, வேலை இடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால் எச்-1பி மனுவைத் திருத்தும் அமெண்ட்மெண்ட் கட்டாயம். அது ஃபைல் ஆன பிறகுதான் அங்கே வேலை தொடங்க வேண்டும். அதைவிடப் பெரியது கிரீன் கார்டு. அதன் முதல் படியான பெர்ம் என்கிற தொழிலாளர் சான்று குறிப்பிட்ட இடத்து வேலைக்கானது. கடைசிப் படியான ஐ-485 விண்ணப்பம் போட்டு 180 நாள் ஆகாதவர்கள் இடம் மாறினால் பொதுவாக பெர்ம், ஐ-140 இரண்டையும் திரும்பப் போட வேண்டியிருக்கும். வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் ப்ரையாரிட்டி டேட் கையைவிட்டுப் போகாது. ஆனால் புது பெர்மைக் கம்பெனி போட்டுத் தருமா? 'தருவோம்' என்று மேனேஜர் வாயால் சொன்னால் போதாது, எச்ஆரிடமிருந்து மின்னஞ்சல் வர வேண்டும். அது வரும்வரை வீடு பார்க்கும் பேச்சே வேண்டாம். மாறிய பத்து நாளுக்குள் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் முகவரி மாற்றப் படிவமான ஏஆர்-11 போட மறக்காதீர்கள்.

இனி, கட்டுப்பாடு குறைந்த மாநிலம் என்றால் அன்றாடத்தில் என்ன பொருள் என்று பார்ப்போம். கலிஃபோர்னியாவில் அரசு தலையிட்டுப் பார்க்கும் பல காரியங்களை டெக்சாஸில் நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீடு கட்டுபவரையே எடுத்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரிஷியன், ப்ளம்பர், ஏசிக்காரர் ஆகியோருக்கு மாநில உரிமம் உண்டு. பொதுக் காண்ட்ராக்டருக்கும் கூரைக்காரருக்கும் கிடையாது. வீடு கட்டும் தொழிலைக் கவனிக்க இருந்த ஆணையத்தையும் 2010இல் மூடிவிட்டார்கள். எனவே புது வீட்டுக்கும் உங்கள் பணத்தில் தனி இன்ஸ்பெக்டர் வையுங்கள்: சுவர்ப் பலகை அடிப்பதற்கு முன் ஒரு முறை, சாவி வாங்குவதற்கு முன் ஒரு முறை, ஒரு வருட வாரண்டி முடிவதற்கு முன் பதினோராம் மாதம் இன்னொரு முறை. பழைய வீடு வாங்கினால், ஒப்பந்தத்தில் சிறு தொகை கட்டி 'ஆப்ஷன் பீரியட்' வாங்கிக்கொள்ளலாம். அந்த நாட்களுக்குள் காரணமே சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். பில்டர் நீட்டும் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இது இருக்காது.

டல்லாஸ் மண் நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலின் சாதி. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். வீட்டின் அடித்தளம் அசைந்தால் கதவு மூடாது, சுவர் மூலையில் சாய்வாக விரிசல் ஓடும். அதனால்தான் அங்கே கோடையில் செடிக்கு ஊற்றுவதுபோல் வீட்டைச் சுற்றிக் குழாய் போட்டு மண்ணுக்கே தண்ணீர் காட்டுகிறார்கள். புதிதாகப் போனவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். இரண்டு கோடை போனதும் அவர்களும் குழாய் வாங்குவார்கள்.

அப்புறம் ஆலங்கட்டி மழை. காப்பீட்டில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கான டிடக்டிபிள், அதாவது முதலில் நீங்கள் கட்ட வேண்டிய பங்கு, பெரும்பாலும் வீட்டின் காப்பீட்டு மதிப்பில் 1 அல்லது 2 சதவீதமாக இருக்கும். 5 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் முதல் 10,000 டாலர் உங்கள் கையிலிருந்து. கூரைக்குப் புதுக்கூரை விலை தருவார்களா, தேய்மானம் கழித்துத் தருவார்களா என்பதையும் பாலிசியில் படியுங்கள். மழை விட்ட மறுநாளே கதவைத் தட்டி, 'டிடக்டிபிளை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று ஒருவர் நிற்பார். 2019 சட்டப்படி அது குற்றம். அவரை அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

மின்சாரத்தில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். மாநிலத்தின் பெரும்பகுதி எர்காட் என்ற தனி மின்கட்டமைப்பில் ஓடுகிறது. 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் அது தடுமாறியபோது, அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சில விதிகள் வந்தன என்றாலும் குளிர்காலத்துக்குக் குடிநீர், கம்பளி, கேம்ப் அடுப்பு வீட்டில் இருக்கட்டும். (கேம்ப் அடுப்பை வீட்டுக்குள் பற்ற வைக்காதீர்கள், கார்பன் மோனாக்சைடில் போனவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.) டல்லாஸ் வட்டாரத்தில் பல ஊர்களில் மின் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும்; கூட்டுறவு மின்சாரம் வரும் தெருக்களில் அந்தத் தேர்வு இல்லை. தேர்வு இருந்தால் இந்த வலையைக் கவனியுங்கள்: 'மாதம் 1,000 யூனிட் தாண்டினால் 100 டாலர் கழிவு' என்று ஒரு பிளான் இருக்கும். விலைப் பட்டியலை 1,000 யூனிட்டுக்கு வரிசைப்படுத்தினால் அதுதான் முதலில் நிற்கும். நவம்பரிலும் மார்ச்சிலும் நீங்கள் 980 யூனிட் ஓட்டினால் கழிவு ஒரு காசு கிடையாது. ஒவ்வொரு பிளானுக்கும் 'எலக்ட்ரிசிட்டி ஃபேக்ட்ஸ் லேபிள்' இருக்கும். அதில் 500, 1,000, 2,000 யூனிட் மூன்றுக்கும் விலை பாருங்கள். மூன்றும் ஒட்டி இருந்தால் எடுங்கள்.

உங்கள் வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் வேலையை விட்டபின் போட்டிக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்கிற நான்-கம்பீட் ஒப்பந்தம் செல்லாது. டெக்சாஸில் நியாயமான அளவில் இருந்தால் செல்லும். நாடு முழுவதும் அதைத் தடை செய்ய, வணிகப் போட்டியைக் கவனிக்கும் ஃபெடரல் ஆணையமான எஃப்டிசி கொண்டுவந்த விதியை 2024 ஆகஸ்ட்டில் நிறுத்தியதும் டல்லாஸில் இருக்கும் ஃபெடரல் கோர்ட்தான். மாற்றல் காகிதங்களில் புதிதாக அந்தப் பத்தி நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறந்த குழந்தையோடு இருக்கவோ பெற்றோரைப் பார்த்துக்கொள்ளவோ கலிஃபோர்னியா தரும் எட்டு வாரச் சம்பள விடுப்பும் அங்கே இல்லை. ஃபெடரல் சட்டத்தின் 12 வாரம் உண்டு, சம்பளம் கிடையாது. அதுவும் குறைந்தது 50 பேர் வேலை பார்க்கும் கம்பெனி என்றால்தான்.

சரி, உங்கள் பயங்களுக்கு வருகிறேன்.

கருக்கலைப்புத் தடை பற்றிய உங்கள் பயம் நியாயமானது. 2022 ஆகஸ்ட் முதல் ஏறக்குறைய முழுத் தடை. தாயின் உயிருக்கோ முக்கிய உடல் இயக்கத்துக்கோ ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. பாலியல் வன்முறைக்கு விலக்கு இல்லை. மீறும் மருத்துவருக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம். கரு கலைந்தபின் செய்யும் சிகிச்சையும், குழாயில் தங்கிய கர்ப்பத்துக்கான சிகிச்சையும் சட்டப்படி கருக்கலைப்பு ஆகாது. ஆனாலும் பயந்துபோய் மருத்துவர்கள் தயங்கிய கதைகள் வந்தபிறகுதான் 2025இல் விளக்கச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். இன்னொரு குழந்தை யோசனை இருந்தால், 'இருபது வாரத்தில் சிக்கல் என்றால் இந்த ஆஸ்பத்திரியில் என்ன செய்வீர்கள்?' என்று மகப்பேறு மருத்துவரிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். தேவைப்பட்டால் வேறு மாநிலம் போக ஒரு தொகை கையில் இருக்கட்டும். இந்த ஒரு விஷயத்துக்காகவே வேண்டாம் என்று முடிவெடுத்தால் அதைக் குறை சொல்ல முடியாது.

துப்பாக்கி: 2021 செப்டம்பர் முதல் 21 வயதான, சட்டத் தடை இல்லாத யாரும் உரிமம் இல்லாமல் வைத்துக்கொண்டு நடமாடலாம். கடை வாசலில் 30.06, 30.07 என்று எண் போட்ட பலகைகள் இரண்டும் இருந்தால், உரிமம் வாங்கியவர்கூட அங்கே துப்பாக்கியோடு நுழையக் கூடாது என்று பொருள். நீங்கள் யோசிக்க வேண்டியது தெருவைவிட, மகள் விளையாடப் போகும் வீட்டை. 'உங்கள் வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டித்தானே இருக்கிறது?' என்று கேட்க நம்மவர்களுக்குக் கூச்சம். கடலை அலர்ஜி பற்றிச் சொல்லும் மூச்சிலேயே இதையும் கேட்டுவிடுங்கள். அந்த ஊரில் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

பள்ளியில் மதம்: பைபிளின் பத்துக் கட்டளைகளை அரசுப் பள்ளி வகுப்புகளில் மாட்ட வேண்டும் என்று 2025இல் சட்டம் வந்தது, வழக்குகளும் உடனே வந்தன. கான்வென்ட்டில் காலை ஜெபம் கேட்டு வளர்ந்த நமக்குச் சுவரில் ஒரு பலகை பெரிய அதிர்ச்சி இல்லை. இது அரசுப் பள்ளி என்பதுதான் உறுத்தல். மற்றபடி ஃப்ரிஸ்கோ வகுப்பறைகளில் இந்தியப் பிள்ளைகள் நிறைய. ஊருக்குள் அனுமன் கோயில் இருக்கிறது, தமிழ் வகுப்பும் தேடினால் கிடைக்கும். எல்லோரும் வரவேற்கிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். 2024இல் ஹூஸ்டன் பக்கம் சுகர்லாந்தில் 90 அடி அனுமன் சிலை எழுந்தபோது, அதைப் பொறுக்காமல் வெளிப்படையாகப் பேசியவர்கள் உண்டு.

தடுப்பூசி: கலிஃபோர்னியாவில் சொந்த நம்பிக்கையைக் காட்டிப் பள்ளித் தடுப்பூசியைத் தவிர்க்க முடியாது, டெக்சாஸில் முடியும். 2025இல் மேற்கு டெக்சாஸில் பரவிய தட்டம்மை எழுநூறு பேருக்கு மேல் தொற்றி இரண்டு குழந்தைகளைக் கொண்டுபோனது. உங்கள் மகனுக்கு தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசியின் இரண்டாவது தவணையைப் போட்டுவிட்டே கிளம்புங்கள்.

மகளுக்காகத்தான் நேரத்தைக் கணக்கிட வேண்டும். ஆஸ்டின் யூனிவர்சிட்டி ஆஃப் டெக்சாஸில், 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து, டெக்சாஸ் பள்ளியில் தன் வகுப்பில் முதல் 5 சதவீதத்தில் இருப்பவர்களுக்குத் தானாக இடம் (கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்கும் என்று பொருளில்லை). அந்த ராங்க் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்தே கட்டப்படுகிறது. பத்தாம், பதினோராம் வகுப்பில் போய் நுழைந்தால் வெளியூர் மதிப்பெண்ணை அவர்கள் முறைக்கு மாற்றுவதில் அடிபடலாம். போவதானால் ஒன்பதாம் வகுப்புக்கு முன் போய்விடுங்கள். எல்லோரும் ஓடுகிற பள்ளியில் முதல் 5 சதவீதம் வருவது, ஓரளவு நல்ல பள்ளியில் வருவதைவிடப் பல மடங்கு கடினம் என்பதையும் வீடு தேடும்போது நினைவில் வையுங்கள். கலிஃபோர்னியாவின் அரசுப் பல்கலைக்கழகமான யூசியில் உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணம், ஊர் மாறினால் போய்விடும்.

என் யோசனை: முதல் வருடம் வாடகைக்கு இருங்கள். ஒரு கோடை, ஒரு குளிர்காலம், ஒரு ஆலங்கட்டிப் பருவம் பார்த்த பிறகு எந்த ஊர், எந்தப் பள்ளி என்று முடிவு செய்யலாம். பள்ளிகள் ஆகஸ்ட் நடுவில் திறந்துவிடும் என்பதால் ஜூலைக்குள் லீஸ் கையில் இருக்க வேண்டும். காரை 30 நாளுக்குள் பதிய வேண்டும், லைசென்ஸை 90 நாளுக்குள் மாற்ற வேண்டும். மகனுக்குக் கலிஃபோர்னியாவில் நாலு வயதில் கிடைக்கும் இலவச டிகே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) அங்கே எல்லோருக்கும் இல்லை. ஆனால் வீட்டில் தமிழ் மட்டுமே பேசி ஆங்கிலம் வராத பிள்ளை என்றால் இலவச ப்ரீ-கே கிடைக்க வழி உண்டு. பள்ளி மாவட்ட அலுவலகத்தில் மொழித் தேர்வு வைப்பார்கள். வசந்த காலத்திலேயே போய்க் கேளுங்கள், இடம் சீக்கிரம் நிரம்பிவிடும்.