மீசாலை மாமிக்கு என்ன பதில்?

கேள்வி: 1995இல் போரால் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஒன்பது வயது. கொக்குவிலிலிருந்து நடந்துபோய், மீசாலையில் அப்பாவின் நண்பர் வீட்டில் ஆறு மாதம் இருந்தோம். அவர்களின் பலா மரம், மாமி அவித்த குரக்கன் புட்டு எல்லாம் இன்னும் கனவில் வருகின்றன. 2000இல் அவர்களும் இடம்பெயர்ந்து எங்கள் வீட்டுக்கு வந்தார்களாம். நாங்கள் கொழும்புக்குப் போய், வீட்டை வாடகைக்கு விட்டிருந்தோம். பிறகு தொடர்பில்லை. இப்போது கனடாவில் என்னோடு இருக்கும் அம்மா, மாமியைச் சொல்லிச் சொல்லி அழுகிறார். நான் பேச்சை மாற்றிவிடுவேன். மாமிக்குக் காசு அனுப்பினால் தப்பாக நினைப்பாரா?

பதில்: பிள்ளை, பலா மரமும் புட்டும் இருக்கட்டும். 'வந்தார்களாம்' என்று எழுதினீர்களே, அதை யார் உங்களுக்குச் சொன்னது? அப்போது உங்களுக்குப் பதினாலு வயது. வாடகைக்கு இருந்தவர் அம்மாவிடம் சொல்லியிருப்பார், இல்லையா? அப்படியென்றால் அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும்.

1995 ஒக்டோபர் 30 இரவு நானும் நாவற்குழிப் பாலத்தில் நின்றவள். லட்சக்கணக்கான சனம், விடாத மழை. குடையைத் தலைகீழாக விரித்து, விழுந்த தண்ணீரை என் மகனுக்குப் பருக்கினேன். மீசாலை இருக்கிற தென்மராட்சிப் பகுதிக்குள் போனால் பள்ளிக்கூடம், கோயில், மரத்தடி எங்கும் ஆட்கள். எங்களுக்குக் கிடைத்தது ஒரு விறாந்தையில் பாய் அகலம். உங்களுக்கு ஒரு வீடே கிடைத்தது. அந்த ஆறு மாதமும் வீட்டுக்காரர் எங்கே படுத்தார்கள் என்று ஒருநாளாவது கேட்டீர்களா?

2000 சண்டையில் மீசாலைக்குப் பக்கத்துச் சாவகச்சேரி தரைமட்டமானது. ஓடி வந்த மாமி வேறு யாருடைய படலையைத் தட்டுவார்? தட்டினார். முன்பின் தெரியாத ஒருவர் எட்டிப் பார்த்து, "அவை கொழும்பிலை" என்றிருப்பார். வீட்டை வாடகைக்கு விட்டது குற்றமில்லை, எல்லோரும் விட்டார்கள். ஆனால் அவர் வந்து திரும்பினார் என்று கேட்ட பிறகு ஒரு கடிதம் போடவில்லையே, அதுதான் பிழை. 2002இல் யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதையும் திறந்தது. உங்கள் வீட்டில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

அம்மா அதற்காகத்தான் அழுகிறார் என்று நினைக்கிறேன். நீங்களோ ஒவ்வொரு முறையும் பேச்சை மாற்றி அவர் வாயை அடைக்கிறீர்கள். பெற்ற தாய் தன் கடனைச் சொல்ல வரும்போது பிள்ளை காது கொடுக்க வேண்டாமா? இன்றைக்கே பக்கத்தில் இருந்து கேளுங்கள். முழுவதையும் சொல்லி முடிக்க விடுங்கள்.

காசு அனுப்பாதீர்கள். ஆறு மாதத்துக்கு வாடகை கணக்குப் பார்த்த மாதிரி ஆகிவிடும். மீசாலை ஜி.எஸ்ஸிடம், அதாவது கிராம சேவகரிடம், விசாரித்தால் குடும்பம் எங்கே என்று தெரிய வழியுண்டு. மாமி இருந்தால் முதலில் அம்மா பேசட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள். மாமி இல்லையென்றால் அவர் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த முற்றத்தில் உங்களோடு விளையாடியவர்களைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை.

அப்புறம், அம்மா பயணம் செய்யக்கூடிய நிலையில் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போங்கள். விடுதியில் அறை எடுக்காதீர்கள். அவர்கள் பாய் விரித்தால் அங்கேயே படுங்கள்.