புது சிப் வரட்டும் என்று காத்திருக்கும் தம்பிக்கு

தம்பி, வெளிநாடு வந்து சில வாரம்தான் ஆகிறது, கையோடு கொண்டுவந்த பழைய லேப்டாப் சூடாகி அடிக்கடி அணைந்துபோகிறது, வகுப்பு தொடங்கிவிட்டது, பகுதிநேர வேலைக்கும் விண்ணப்பம் போட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அறையில் கூட இருப்பவர்களோ, "இன்னும் கொஞ்ச நாளில் புது சிப் வருகிறது, இப்போது வாங்கினால் ஏமாந்துபோவாய்" என்கிறார்கள். வாங்கவா, பொறுக்கவா என்று கேட்கிறீர்கள்.

வாங்குங்கள். உங்கள் நிலைமையில் இருக்கும் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எதை வாங்குவது என்பதும் அதிலிருந்தே தெளிவாகும்.

வெளிநாட்டில் முதல் வருடம் ஒருவருக்கு லேப்டாப் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம், விசா படிவம், பல்கலைக்கழக மின்னஞ்சல், வேலைக்கான நேர்காணல், இரவில் அம்மாவின் முகம் பார்த்துப் பேசுவது, எல்லாம் அதில்தான். சொந்த ஊரில் லேப்டாப் கெட்டுப்போனால் தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டு நாளைக்கு இரவல் வாங்கலாம். புது ஊரில் அப்படி ஆள் கிடைக்கக் காலம் ஆகும். நேர்காணல் நடுவில் திரை கறுத்துப்போனால், மறுபக்கம் இருப்பவருக்கு உங்களைப் பற்றித் தெரிந்தது அது மட்டும்தான். புது சிப்பால் கிடைக்கும் வேகத்தை நினைக்கும்போது இந்த இழப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என் கணக்கில் இழப்புதான் பெரிது.

அடுத்தது, அந்தப் "புது சிப்", அதாவது கணினியின் மூளையான பிராசசர். அது எப்போதுமே வந்துகொண்டுதான் இருக்கும். ஆப்பிளை எடுத்துக்கொண்டால் எம்1 சிப் 2020 நவம்பரில் வந்தது. 2022-ல் எம்2, 2023-ல் எம்3, 2024-ல் எம்4, 2025-ல் எம்5. மற்ற சிப் நிறுவனங்களான இன்டெல், ஏஎம்டி பக்கமும் ஏறக்குறைய இதே ஓட்டம்தான். எந்த மாதத்தில் நின்று பார்த்தாலும் அடுத்தது இதோ வருகிறது என்றுதான் செய்தி இருக்கும். அலை ஓய்ந்த பிறகு கடலில் குளிக்கலாம் என்று நிற்பவர் கரையிலேயே நிற்க வேண்டியதுதான்.

காத்திருப்பது கணக்குப்படி லாபம் என்று சொல்லக்கூடிய ஓர் இடம் உண்டு. 1999-ல் வானியல் ஆய்வாளர்கள் சிலர் இதை உட்கார்ந்து கணக்குப் போட்டே பார்த்தார்கள். கணினி வேகம் 18 மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கணக்கீடு இன்றைய கணினியில் 26 மாதத்துக்கு மேல் ஓடும் என்றால் மட்டுமே, சும்மா இருந்துவிட்டுப் பிறகு வேகமான கணினி வாங்கித் தொடங்குவது சீக்கிரம் முடியும் என்று காட்டினார்கள். அதைவிடச் சிறிய வேலைக்கு இன்றே தொடங்குவதுதான் வேகம். உங்கள் வேலை கட்டுரை எழுதுவது, நிரல் எழுதுவது, வகுப்பு பார்ப்பது. இதில் எதுவும் 26 மாதம் விடாமல் ஓடப்போவதில்லை. அதோடு, 18 மாதத்தில் இரட்டிப்பு என்ற அந்தக் காலத்து வேகமும் இப்போது இல்லை. அன்றாட வேலையில் ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் உள்ள வித்தியாசம், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் பலருக்கும் தெரியாது.

"பொறுத்தால் விலையாவது குறையுமே" என்று தோன்றும். குறையும்தான், ஆனால் எப்போதும் இல்லை. 2011-ல் தாய்லாந்தில் வெள்ளம் வந்து தொழிற்சாலைகள் மூழ்கியபோது ஹார்ட் டிஸ்க் விலை உலகம் முழுக்க ஏறியது. 2020, 2021-ல் சிப் தட்டுப்பாடு. 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொண்டதால் ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) விலை எகிறியது. சாதாரண மக்களுக்கு ரேமும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியும் 'குரூஷியல்' என்ற பெயரில் விற்றுவந்த வியாபாரத்திலிருந்தே விலகுவதாக, நினைவகச் சிப் செய்யும் மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. அடுத்த வருடம் மலிவாகும் என்று அதற்கு முன்பு காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது விலையேற்றம்தான்.

இடையில் ஒரு பழைய கதை. 1981-ல் ஆஸ்போர்ன் 1 என்று ஒரு கணினி வந்தது. தூக்கிக்கொண்டு போகக்கூடிய கணினி என்று விற்பனையில் வெற்றி கண்ட முதல் கணினிகளில் ஒன்று. அந்த நிறுவனம் அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசத் தொடங்கியதும், வாங்க இருந்தவர்கள் எல்லாரும் 'புதியது வரட்டும்' என்று நிறுத்திவிட்டார்கள், 1983-ல் நிறுவனமே திவாலானது என்று சொல்வார்கள். வேறு காரணங்களும் இருந்தன என்று வாதிடுபவர்கள் உண்டு. ஆனாலும் 'ஆஸ்போர்ன் விளைவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது. அதை நடத்திய ஆடம் ஆஸ்போர்ன் சிறுவயதில் திருவண்ணாமலையில் வளர்ந்தவர், 2003-ல் கொடைக்கானலில் காலமானார். எனக்கு இந்தக் கதையில் எப்போதும் மனதில் நிற்பது, காத்திருந்த அந்த வாடிக்கையாளர்கள்தான். இருந்ததையும் வாங்கவில்லை, காத்திருந்த அந்த மாடலும் நிலைக்கவில்லை.

சரி, பொறுப்பது நியாயமாக இருக்கும் நிலைமையும் இருக்கிறது. இருக்கும் கணினி ஒழுங்காக ஓடுகிறது, புது மாடலின் தேதி நிறுவனத்தாலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது, அது ஒரு சில வாரத்தில் வந்துவிடும் என்றால் பொறுங்கள். அப்போதுகூடப் புதியதை வாங்குவதற்காக இல்லை. புதியது வந்ததும் பழைய தலைமுறை மலிவாகும், அதை வாங்கத்தான். புத்தம் புதியது முதல் நாளிலேயே குறையில்லாமல் வரும் என்றும் நினைக்க வேண்டாம். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் சில நிலைதடுமாறி முடங்கிய பிரச்சினை 2024-ல் பெரிதாக வெடித்து, நிறுவனம் வாரண்டியை மேலும் இரண்டு வருடம் நீட்டிக்க வேண்டிவந்தது. ஒரு மாடல் சில மாதம் மக்கள் கையில் புழங்கிய பிறகு அதன் குறைகள் வெளியே தெரிந்துவிடும். நமக்கு அது நல்லது. வதந்தியை நம்பி மட்டும் பொறுக்க வேண்டாம்.

இனி எதை வாங்குவது. நீங்கள் 'பிறகு அப்கிரேட் செய்துகொள்ளலாமா' என்றும் கேட்டிருந்தீர்கள். நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். இப்போது வரும் மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் மதர்போர்டிலேயே (கணினியின் முக்கியப் பலகையிலேயே) பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய பின் கூட்டவே முடியாது. ஆப்பிள் சிப் வந்த பிறகு எந்த மேக்புக்கிலும் முடியாது. ஆகவே, பிறகு சேர்க்க முடியாததில் இப்போதே பணத்தைப் போடுங்கள். ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது. ஆப்பிளே 2024 அக்டோபரில் மேக்புக் ஏரின் அடிப்படை அளவை 8-லிருந்து 16 ஆக்கிவிட்டது. எஸ்எஸ்டி அப்படியில்லை. விண்டோஸ் லேப்டாப்புகள் பலவற்றில் அது கழற்றி மாட்டக்கூடிய எம்.2 வகைதான், பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். பணம் இறுகினால் எஸ்எஸ்டியில் குறையுங்கள், பிராசசரில் ஒரு படி இறங்குங்கள், ரேமில் மட்டும் இறங்காதீர்கள். வாங்கும் முன் அந்த மாடலின் பெயரைப் போட்டு, ரேம் பற்றவைத்ததா, கூட்ட முடியுமா என்று தேடிப் பாருங்கள்.

ஏஐ வேலைக்கென்று தனிப் பகுதி உள்ள சிப் இருப்பதாக 'ஏஐ பிசி' என்று ஒட்டி விற்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நீங்கள் பயன்படுத்தப்போகும் ஏஐ சேவைகளில் பெரும்பாலானவை தொலைவில் இருக்கும் சர்வரில்தான் ஓடுகின்றன.

பயன்படுத்திய கணினி வாங்கலாமா என்றால், தாராளமாக வாங்கலாம். பெரிய அலுவலகங்கள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழித்த லேப்டாப்புகளைச் சரிபார்த்து வாரண்டியோடு விற்பவர்கள் இருக்கிறார்கள். கையில் பணம் குறைவாக இருக்கும்போது, கடன் தவணையில் புதியது வாங்குவதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்பு அப்டேட்கள், 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். அதற்கு முந்திய கணினிகள் இப்போது மிக மலிவாகக் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டு ஓட்டத் தெரிந்தவருக்கு அவை நல்ல கணினிகள்தான். ஆனால் தேர்வு மென்பொருள் விண்டோஸ்தான் வேண்டும் என்று உங்கள் கல்லூரி சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள். பேட்டரியின் நிலையையும் கேளுங்கள், அது தேய்ந்துபோகும் பொருள்.

டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்று யோசிக்கவே வேண்டாம். முதல் சில வருடத்தில் அறை மாறுவீர்கள், ஒருவேளை நகரமே மாறுவீர்கள். லேப்டாப் வாங்குங்கள். ஓரிடத்தில் நிலைத்ததும் ஒரு பெரிய திரை வாங்கி அதில் இணைத்தால் போதும்.

ஊரிலிருந்து வருபவரிடம் சொல்லி வாங்கி வரச் சொல்லலாமா என்று புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்பார்கள். மின்சாரத்தால் சிக்கல் இல்லை. லேப்டாப் சார்ஜர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், சார்ஜர் மேலேயே அச்சிட்டிருக்கும். சுவரில் செருகும் வயரை மட்டும் மாற்றினால் போதும். சிக்கல் வாரண்டியில். பல நிறுவனங்களின் வாரண்டி வாங்கிய நாட்டோடு நின்றுவிடும், அல்லது நாடு மாற்றிப் பதிவு செய்யச் சொல்வார்கள். விலை வித்தியாசத்தைவிட, பழுதானால் நடந்து போய்க் கொடுக்க ஓர் இடம் இருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஆகவே இருக்கும் நாட்டிலேயே வாங்குங்கள், மாணவர் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள், எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைப் பில்லோடு சேர்த்து வாங்கி வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையம் வழியாக வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்ப உரிமை உண்டு. மற்ற நாடுகளில் விதி வேறாக இருக்கும்.

இருக்கும் நாட்டில் வாங்கும்போது கீபோர்டைப் பாருங்கள். பிரான்சில் விற்பதில் மேல் வரிசை ஏ, இசட் என்று தொடங்கும். ஜெர்மனியில் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும். நிரல் எழுதுபவருக்கு அடைப்புக்குறிகள் இருக்கும் இடமும் மாறுவது இன்னும் தொல்லை. பழகிக்கொள்ளலாம், அல்லது அமெரிக்க அமைப்புக் கீபோர்டோடு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். எதுவானாலும் பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். தமிழுக்கு இந்தக் கவலை இல்லை. தமிழ்99 என்ற தமிழ்க் கீபோர்டு அமைப்பு விண்டோஸிலும் மேக்கிலும் உள்ளேயே இருக்கிறது.

அப்புறம், பழைய லேப்டாப்பை இன்றே முழுதாக நகல் எடுத்து வையுங்கள். சூடாகி அணைகிற கணினி ஒருநாள் திரும்ப எழாமலே போகலாம். சான்றிதழ்கள், பாஸ்போர்ட் நகல், விசாத் தாள் எல்லாம் ஒரு வெளி டிஸ்கிலும் இணையச் சேமிப்பிலும் இருக்கட்டும். விசிறியில் தூசி அடைத்திருந்தாலும் இப்படிச் சூடாகும், சுத்தம் செய்து பார்த்தால் சில வாரம் தாங்கக்கூடும். தாங்கினால் அதை மாற்றுக் கணினியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பாடத்துக்கு எந்தெந்த மென்பொருள் வேண்டும் என்று துறை ஒரு பட்டியல் கொடுத்திருக்கும். அதையும், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டு மூன்று மாடல்களின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். ரேம் கூட்டக்கூடியதா, அந்த மென்பொருள் அதில் ஓடுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.