இமை இறங்கினால் தூக்கக் கலக்கம் என்று விடாதீர்கள்

ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, 54 வயது அம்மாவுக்காக எழுதிய மகளுக்கு:

அம்மாவின் மூளை இரத்தக்குழாயில் உள்ள வீக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதிய இரண்டு பக்கக் கடிதத்தில் ஒரு வரிதான் என்னைப் பயமுறுத்தியது. "மூன்று நாளாக அம்மாவின் வலது கண் இமை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தூக்கம் போதாமல் இருக்கும்" என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கடிதத்தைப் படித்த உடனேயே போன் எடுத்து, அம்மாவை அன்றைக்கே கண்டி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகச் சொன்னேன். காரணத்தை மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

ஸ்கேனில் தெரிந்த 9 மில்லிமீட்டர் வீக்கம் (குழாயின் சுவர் மெலிந்து பலூன் மாதிரிப் புடைப்பது, அனியூரிசம் என்பார்கள்) இருப்பது மூளைத்தண்டுக்கு முன்னால் ஏறுகிற பேசிலர் இரத்தக்குழாயின் உச்சியில், அது இரண்டாகப் பிரியும் இடத்தில். இமையைத் தூக்கிப் பிடிக்கும் நரம்பு அதன் பக்கத்தால்தான் போகிறது. வீக்கம் பெருத்தால் நரம்பை அழுத்தும். இமை இறங்கும், கண்மணி விரியும், ஒன்று இரண்டாகத் தெரியும். அப்படி வந்தால் அடுத்த கிளினிக் திகதி வரை இருக்கக் கூடாது. இடி விழுந்த மாதிரி, ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலிக்கும் இதே அவசரம்தான். தோட்டத்து லொறி வரும்வரை பார்த்திருக்காமல் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

இந்த வீக்கம் கொழுந்துக்கூடைக் கயிறு தலையில் அழுத்தியதால் வரவில்லை. மலைக்குளிராலும் வரவில்லை. உங்களுக்கும் வருமா என்றால், பெற்றோர், உடன்பிறந்தவர் என்ற நெருங்கிய உறவில் இரண்டு பேருக்காவது இருந்தால்தான் ஸ்கேன் எடுத்துத் தேடுவது வழக்கம். பெரியவர்களில் 100க்கு 3 பேர் அளவில் இப்படி ஒரு வீக்கத்தோடு தெரியாமலே வாழ்கிறார்கள். பெரும்பாலானவை வெடிப்பதே இல்லை.

ஆனால் தலைசுற்றுகிறது என்று பிரஷர் குளிசையை அம்மா தானாகவே நிறுத்தியதும், கடையில் அஸ்பிரின் வாங்கி விழுங்கியதும் எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது. பிரஷர் ஏறினால் வீக்கத்தின் மெல்லிய சுவர்தான் தாங்க வேண்டும். வெடித்தால் இரத்தம் உறைவதை அஸ்பிரின் தடுக்கும். நாளைக்கு ஸ்டென்ட் (இரத்தக்குழாய்க்குள் வைக்கும் சின்ன வலைக்குழல்) வைத்தால் வைத்தியரே அஸ்பிரின் எழுதுவார். அது வேறு கணக்கு, அப்போது ஒருநாளும் விடக்கூடாது.

சரி, நீங்கள் உண்மையில் கேட்க நினைத்தது: மண்டையைத் திறந்தால் அம்மா எழுந்து நடப்பாரா? மண்டையைத் திறந்து கிளிப் போடுவதாக நீங்கள் பார்த்த யூடியூப் வீடியோ இந்த இடத்தைப் பற்றியதே அல்ல. வீக்கத்தின் கழுத்தில், அதாவது அது குழாயோடு சேரும் இடத்தில், கிளிப் போடும் அறுவைச் சிகிச்சை 1937இல் அமெரிக்காவில் வால்டர் டாண்டி செய்தது. மூளையின் மேற்பரப்புக்குக் கிட்ட உள்ள வீக்கங்களுக்கு இன்றும் நல்ல வழி. பேசிலர் உச்சி அப்படியல்ல. மண்டையோட்டின் அடியாழத்தில், மூளைத்தண்டோடு ஒட்டியிருக்கிறது. அங்கிருந்து முடி கனத்தில் சின்னச் சின்னக் குழாய்கள் மூளைக்குள் போகின்றன. கிளிப்பில் அவற்றில் ஒன்று மாட்டினாலும் உணர்வு தப்பலாம், கைகால் விழலாம். கனடாவின் சார்ல்ஸ் டிரேக் போன்ற ஒரு சில அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் இந்த இடத்து அறுவைக்கென்றே தங்கள் வாழ்நாளைச் செலவிட்டார்கள்.

அதனால் இந்த இடத்துக்கு இப்போது பெரும்பாலும் மண்டையைத் திறப்பதில்லை. தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ ஊசி போட்டு, இரத்தக்குழாய் வழியாகவே மெல்லிய குழாயை மூளை வரை ஏற்றி, வீக்கத்துக்குள் பிளாட்டினக் கம்பிச் சுருளை நிரப்புவார்கள். 1990களில் பரவிய முறை இது. வாய் அகன்ற வீக்கமென்றால் சுருள் வெளியே வராமல் ஸ்டென்ட் துணைக்கு வரும். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். பக்கவாதம் வரலாம், நடுவில் வெடிக்கலாம். ஆனால் இமை இறங்கிய பிறகு சும்மா இருப்பது அதைவிட ஆபத்து. அம்மா பயந்தால் இதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. சுருள் காலப்போக்கில் அமுங்கி, வீக்கம் மறுபடி நிரம்பக் கூடும். அதனால் சில மாதங்கள் கழித்துத் திரும்ப ஸ்கேனுக்குக் கூப்பிடுவார்கள். அன்றைய நாட்சம்பளம் போனாலும், கண்டிக்கு பஸ் செலவு ஆனாலும் அந்தத் திகதிக்குப் போய்விடுங்கள்.