பெரட்டுக் களமும் பயாஸும்

கேள்வி: கணினியைத் திறந்ததும் முதலில் ஓடும் 'பயாஸ்' யாருடைய யோசனை? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன காலத்தில், விடியுமுன் பெரட்டுக் களத்தில் கங்காணி பேர் கூப்பிட்டு, ஆள் வந்தாச்சா என்று பார்த்த பிறகுதான் வேலை தொடங்கும். பயாஸும் அப்படித்தான். நினைவகம், விசைப்பலகை, வட்டு எல்லாம் சரியா என்று பார்த்துவிட்டு இயங்குதளத்தை எழுப்பும்.

பயாஸ் என்ற இந்தப் பெயர் அமெரிக்கக் கணினி அறிஞர் கேரி கில்டாலின் சிபி/எம் இயங்குதளத்திலிருந்து வந்தது. அவர் 1942இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். மான்டரேயில் கடற்படைக் கல்லூரி ஆசிரியராக இருந்தபோது, 1974இல் சிபி/எம்மை எழுதினார். அன்று ஒவ்வொரு கணினியிலும் வட்டு ஓடும் விதம் வேறு. கணினி மாறினால் நிரலையும் திருத்த வேண்டும். அவர் என்ன செய்தார் தெரியுமா? வன்பொருளைத் தொடும் பகுதியை மட்டும் தனியே பிரித்து வைத்தார். அந்தப் பகுதிதான் பயாஸ். புதுக் கணினி வந்தால் அந்தச் சின்னப் பகுதியை மாற்றினால் போதும், மற்றதெல்லாம் அப்படியே ஓடும். எனக்கு இதுதான் அவருடைய பெரிய சாதனை.

1981இல் வந்த ஐபிஎம் பிசியில் பயாஸ் சில்லுக்குள்ளேயே இருந்தது. இப்போது வாங்கும் கணினிகளில், பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ என்ற நிரல் அந்த வேலையைச் செய்கிறது. கில்டால் 1994இல், 52 வயதில் காலமானார். கணினி பழுது பார்க்க வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித் தரும் பெயர் அவருடையதுதான்.