மெடுல்லரி தைராய்டு புற்றுநோயில் மாத்திரை கொடுத்து ரிசெப்டரைக் கூட்ட முடியுமா?

அம்மாவின் டோட்டாடேட் ஸ்கேனில் (கட்டியின் ரிசெப்டரில், அதாவது செல்லின் மேல் மருந்து ஒட்டும் கொக்கியில், போய் ஒட்டும் கதிரியக்க மருந்தைப் போட்டு எடுப்பது) கட்டி சரியாகத் தெரியவில்லை, அதனால் அதே கொக்கியில் ஒட்டிக் கட்டியைத் தாக்கும் கதிரியக்க லுட்டீசியம் சிகிச்சை பயன்படாது என்று சொல்லிவிட்டார்கள். வலிப்பு மாத்திரை கொடுத்தால் ரிசெப்டர் கூடுமாமே, கேட்டுப் பார்க்கலாமா என்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். நீங்களாக மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள்.

நான் மருத்துவர் இல்லை, அணு மருத்துவப் பிரிவில் ஸ்கேன் எடுக்கும் டெக்னாலஜிஸ்ட். இந்த ஸ்கேனுக்குப் போடும் கதிரியக்க காலியம்-68 மருந்தின் அரை ஆயுள் 68 நிமிடம்தான். ஊசி போட்டு, ஆளை உட்கார வைத்து, படம் எடுப்பதற்குள் ஏறக்குறைய பாதி போய்விடும். படம் வந்ததும் மண்ணீரல் கரேலென்று நிற்கும். அது எல்லோருக்கும் அப்படித்தான். நாங்கள் ஒப்பிட்டுப் பார்ப்பது கல்லீரலோடு. கட்டி அதைவிடக் கருப்பாக இருந்தால்தான் பொதுவாக லுட்டீசியம் பற்றிப் பேச்சே எழும். மெடுல்லரியில் பல நேரம் மங்கலாகத்தான் வரும். ஒரே ஆளுக்குக் கழுத்து நெறிக்கட்டு ஒன்று கருப்பாகவும் பக்கத்தில் இருப்பது வெளிறியும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் புற்றுநோய் தைராய்டில் கால்சிட்டோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் சி செல்லில் தொடங்குவது. அந்தச் செல் அயோடினை இழுக்காது, எனவே கதிரியக்க அயோடின் பயன்படாது. சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோனுக்கான ரிசெப்டர், அதிலும் 2-ஆம் வகை, போதுமான அளவு இருந்தால்தான் லுட்டீசியம் கட்டியில் போய் ஒட்டும். அது குறைவாக இருக்கும்போது மருந்தால் கூட்டலாமே என்பதுதான் யோசனை.

ஹிஸ்டோன் என்ற புரதத்தில் டிஎன்ஏ இறுக்கிச் சுற்றியிருக்கும் இடத்தில் மரபணு வாயைத் திறக்காது. நீங்கள் கேட்ட வலிப்பு மாத்திரையான வால்ப்ரோயிக் அமிலம் (வால்ப்ரோயேட்) போன்ற மருந்துகள் அந்த இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. அமெரிக்காவில் விஸ்கான்சினிலும் பிறகு அலபாமாவிலும் ஹெர்பர்ட் சென் என்ற அறுவை மருத்துவரின் குழுவினர் இதில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறார்கள். மெடுல்லரி செல்களில் இந்த மருந்து, கட்டி வளர்வதை அடக்கும் நாட்ச்-1 என்ற மரபணுவைத் தட்டி எழுப்பியது. ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் இதே வகை மருந்துகள் ரிசெப்டரையும் கூட்டின. ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் செல் தட்டிலும் எலியிலும் நடந்தது. உங்கள் அம்மா எலி இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வால்ப்ரோயேட், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கலாம், கல்லீரலையும் பாதிக்கலாம். லுட்டீசியமும் தட்டணுக்களைக் குறைக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் இரத்தப் பரிசோதனை முடிவு வரும் ஒவ்வொரு முறையும் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

மருந்தால் ஏற்பைக் கூட்டும் இதே யோசனை, அயோடின் சிகிச்சை தரப்படும் வேறு வகை தைராய்டு புற்றுநோயில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது. 2013-இல் நியூயார்க்கில் அயோடின் ஏறாத 20 பேருக்கு செலுமெட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேருக்கு அயோடின் ஏற்பு கூடியது, 8 பேர் சிகிச்சைக்குத் தேறினார்கள், 5 பேருக்குக் கட்டி சுருங்கியது. எங்கள் துறையில் அப்போது ஏக உற்சாகம். அப்புறம், அறுவைக்குப் பின் நோய் திரும்பும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு அயோடினோடு இதே மருந்தை நிறையப் பேரிடம் கொடுத்துப் பார்த்தபோது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. படத்தில் கருப்பு கூடுவது ஒன்று, நோய் அடங்குவது வேறு.

அம்மாவுக்காக நான் முதலில் கேட்பது ரெட் மரபணுப் பரிசோதனை செய்தார்களா என்றுதான். அதில் மாற்றம் இருந்தால் செல்பர்கேட்டினிப் போன்ற, அந்த மாற்றத்தையே குறிவைக்கும் மாத்திரைகள் 2020 முதல் இருக்கின்றன. பரம்பரை வகையாக இருந்தால் உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் கூடப் பரிசோதனை தேவைப்படும்.

அடுத்த முறை போகும்போது பழைய ஸ்கேன் சிடி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. ஸ்கேனுக்கு முன்பு அம்மாவுக்கு, இதே ரிசெப்டரில் போய் ஒட்டும் ஆக்ட்ரியோடைட் நீண்டநாள் ஊசி போட்டிருந்தார்களா, எந்தத் தேதியில் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் கருப்பு வெளுப்பை அதுவும் மாற்றும். பலர் அதை எங்களிடம் சொல்வதே இல்லை.