தோட்டத்துப் பேச்சும் டெல்லி கணேஷும்

மதிப்புக்குரிய ஐயா,

நடிகர் டெல்லி கணேஷ் 2024 நவம்பரில் மறைந்தபோது அவரைப் ‘பெருநடிகர்’ என்று எழுதியிருந்தீர்கள். நானூறுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தும் துணை வேடங்களிலேயே நின்றுவிட்டவரை அப்படிச் சொல்லலாமா? நான் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியன், நாடகங்களில் நடிப்பவன். அண்மையில் கொழும்பில் ஒரு தொடருக்கான நடிகர் தேர்வில், என் பேச்சில் தோட்ட வாடை அடிப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

— ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் சொன்ன காரணத்தைப் படித்து மனம் நொந்தேன். டெல்லி கணேஷை நான் பெருநடிகர் என்று எழுதியதற்கு முதற்காரணமே அவருடைய பேச்சுதான்.

1979இல் வந்த ‘பசி’யில் அவர் ரிக்‌ஷா இழுக்கும் தகப்பன், சென்னைக் குடிசைப் பகுதியின் பேச்சு அவர் வாயில் பிறவிப் பேச்சாக வந்தது, தமிழக அரசின் சிறப்புப் பரிசும் அதற்குக் கிடைத்தது. 1990இல் ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில் அதே மனிதர் பாலக்காட்டுச் சமையற்காரர் மணி ஐயராகி, சொற்களை இழுத்து நீட்டிப் பேசுகிறார். இவ்விரண்டு பேச்சிலும் மண்ணின் வாடை உண்டு. பேச்சிலிருந்து ஊரைக் கழுவித் துடைத்திருந்தால் அந்த வேடங்களில் ஆள் இருந்திருக்க மாட்டான்.

துணை வேடத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மன்மதன், ரதி கதையை ஆடும் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தில் தூதன் வேடம் கட்டுபவர் பகலில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் மலையில் நிற்பவர். ரதி அழுது பாடும் நேரம் முழுவதும் அவருக்கு வசனம் கிடையாது. ஆனால் தப்புப் பறையின் ஓசை அடங்கிய அந்த வேளையில் தம் சலங்கை ஒலித்துவிடாதபடி குதிகாலை மண்ணில் அழுத்தி, ரதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் கம்பளியைப் போர்த்தி உட்கார்ந்திருந்த நாங்கள் அவரைப் பார்த்துத்தான் அழுதோம். ‘சிந்து பைரவி’யில் குடியை விட முடியாத மிருதங்கக் கலைஞர் குருமூர்த்தியையும், ‘நாயகன்’ படத்தில் வேலு நாயக்கரின் நிழலாகவே வாழும் ஐயரையும் திரும்பப் பாருங்கள். எதிரே நிற்பவர் பேசுவதை டெல்லி கணேஷ் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் என்பது தெரியும். கதாநாயகனின் சொல்லுக்குக் கனம் சேர்வது அப்படிக் கேட்பவராலேதான். ‘அபூர்வ சகோதரர்க’ளில் வில்லனாகவும், பின்னர் சின்னத்திரைத் தொடர்களில் வீட்டுப் பெரியவராகவும் வந்தபோதும் அந்தக் கவனம் குறையவில்லை.

ஆசிரியர் வேலையை விட்டுவிடும் எண்ணம் இருந்தால், தயவுசெய்து அவசரப்படாதீர்கள். டெல்லி கணேஷும் 1964 முதல் 1974 வரை இந்திய விமானப்படையில் பணியாற்றியவர். டில்லியில் தட்சிண பாரத நாடக சபாவின் மேடையில் பழகியவர். பாலச்சந்தரின் ‘பட்டினப்பிரவேசம்’ வழியாகத் திரைக்கு வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

மாசியில் உங்கள் தோட்டத்தில் காமன் ஊன்றும் நாளை எழுதுங்கள். நீங்கள் எந்த வேடம் கட்டினாலும் வந்து பார்க்கிறேன்.

அன்புடன்.