ஜிமெயிலிலிருந்து யாஹூவுக்கு மெயில் போகிறது, வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமுக்கு மட்டும் ஏன் செய்தி போவதில்லை?

தொழில்நுட்பத்தைவிட வியாபாரம்தான் பெரிய காரணம். மெயிலுக்கு எஸ்எம்டிபி என்ற பொது நெறிமுறை (கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான விதிகள்) இருப்பதால் யாருடைய சர்வரும் இன்னொருவருடைய சர்வரோடு பேசும். அரட்டைக்கும் அப்படி ஒன்று 1999-லேயே ஜாபர் என்ற பெயரில் வந்தது, அப்புறம் எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் 2004-ல், இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான ஐஇடிஎஃப் வெளியிட்ட தரமாகவும் ஆனது. கூகுளின் பழைய அரட்டைச் செயலியான கூகுள் டாக் அதில்தான் ஓடியது, வெளி சர்வர்களோடும் பேசியது. அதற்குப் பதிலாக 2013-ல் வந்த ஹேங்அவுட்ஸில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், வாட்ஸ்அப்பே எக்ஸ்எம்பிபியைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டுதான் தொடங்கியது, ஆனால் அப்போது வெளி செயலிகளுக்கு இடம் தரவில்லை. உங்கள் ஆட்கள் எல்லாரும் உள்ளே இருக்கும்வரை நீங்களும் வெளியேற மாட்டீர்கள் இல்லையா, அதுதான் கணக்கு.

சரி, இப்படி யாரும் பயன்படுத்தக்கூடிய திறந்த தரத்தில் குறையே இல்லையா? இருக்கிறது. புது வசதி ஒன்றைச் சேர்க்க எல்லா செயலிகளும் ஒத்துவர வேண்டும், அதனால் மெதுவாகத்தான் நகரும்.